எண்ணூரில் ஆய்வு செய்யப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

துறைமுகமும் அனல்மின் நிலையமும் வந்தபின் எண்ணூர் கழிமுகம் என்ன ஆனது என்று ஆராய வருகிற மாணவர்கள், மீனவர்களோடு சேர்ந்து செய்கிறோம் என்றுதான் சொல்கிறார்கள். கேள்வித்தாளைக் கல்லூரியிலேயே அச்சடித்து எடுத்து வந்துவிட்டால் சேர்ந்து செய்ய என்ன மிச்சம்? இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

காக்கா ஆழியை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்து பரவிவிட்ட சிப்பி இனம் அது. ஆற்றடியில் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிட்டால் மண்ணில் புதைந்து வாழும் மட்டிக்கும் இறாலுக்கும் அங்கே இடமில்லை. இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கு அடிமண் மாறினால் விரலிலேயே தெரிந்துவிடும். "மாத வருமானம் எவ்வளவு குறைந்தது?" என்று கட்டம் போட்டுக் கேட்டால் இந்தச் சேதி எப்படி வரும்? "ஆத்துல என்ன மாறியிருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக உட்காருங்கள்.

ஊர்த் தலைவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதும் தவறு. எந்த மீனை முகர்ந்து பார்த்துவிட்டு எண்ணெய் வாடை என்று வாடிக்கையாளர் திருப்பித் தருகிறார் என்பது கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குத்தான் தெரியும்.

அப்புறம் சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுப்பது. ஒருநாள் காலை பதினோரு மணிக்கு நாலு பாட்டில் பிடித்துவிட்டு முடிவு எழுதாதீர்கள். ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வரும், வற்றத்தில் ஆற்றுநீர் வெளியே போகும், இரண்டிலும் எடுத்து நேரத்தையும் குறிக்க வேண்டும். மழைக்குப் பிறகு ஒருமுறை, கோடையில் ஒருமுறை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அந்த மாதிரி நாளில் ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய அளவுகள் கையில் இருக்க வேண்டாமா?

படகில் கூட்டிப் போகிறவருக்கு டீசல் காசும் அன்றைய கூலியும் கொடுங்கள். அவர் அன்றைக்குத் தொழிலை விட்டுவிட்டு வருகிறார்.

"போன வருஷம் வந்த பிள்ளைங்களும் தண்ணி எடுத்துட்டுப் போனாங்க, அதுல என்னப்பா இருந்துச்சு?" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். சொல்ல என்னிடம் பதில் இல்லை. இரண்டு பக்கம் தமிழில் எழுதி, வலை பின்னுகிற இடத்தில் படித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தச் சொல்வதைத் திருத்திவிட்டு, அதற்குப் பிறகு பேராசிரியரிடம் கொடுங்கள்.