மாசமாக இருக்கும்போது ஊருக்குப் போகிறீர்களா? முதலில் டாக்டர் சீட்டு

வயிற்றில் பிள்ளையோடு ஊருக்குப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். 28 வாரம் தாண்டினால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் டாக்டர் கடிதம் கேட்கும், 36க்கு மேல் ஏற்ற மாட்டார்கள், இரட்டைக் குழந்தை என்றால் 32. இது டிக்கெட் போடும்போதே தெரிந்துவிடும். ஸ்கேன் விஷயத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கும்பகோணத்தில் அம்மா வீட்டில் இருந்தபோது எனக்கு லேசாக ரத்தம் பட்டது. ஐந்தாம் மாதம். பதறிப்போய்ப் பக்கத்து ஸ்கேன் சென்டருக்கு ஓடினால், டாக்டர் சீட்டு இல்லாமல் எடுக்க மாட்டோம் என்றார்கள். ஒரு மகப்பேறு மருத்துவரைத் தேடி, டோக்கன் போட்டு, சீட்டோடு திரும்பினால் அடுத்து ஆதார். என்னிடம் இருந்தது பாஸ்போர்ட், லண்டன் முகவரி. கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும்முன் நிரப்ப வேண்டிய எஃப் படிவத்தில் கணவர் பெயர், உள்ளூர் முகவரி, ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள், ஆணா பெண்ணா என்று எல்லாம் எழுதி, வயிற்றிலிருப்பது என்ன குழந்தை என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என உறுதிமொழிக் கையெழுத்தும் போட வேண்டும். நான் கையெழுத்துப் போடுகிற நேரம் பார்த்து, கூட வந்த பெரியம்மா, "அங்கெல்லாம் சொல்லிடுவாங்களாமே, இங்க என்னன்னு கேளுடி" என்றார், சத்தமாக. கவுன்டரில் இருந்த பெண்ணின் முகமே மாறிவிட்டது. பெரிய டாக்டர் வரட்டும் என்று உட்காரவைத்துவிட்டார்கள். ரத்தம் நின்றதா என்று பாத்ரூமுக்குப் போவதும் வருவதுமாக மதியம் தாண்டிவிட்டது. கடைசியில் குழந்தைக்கு ஒன்றுமில்லை.

வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்ற சட்டம் 1994இல் வந்தது. படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் டாக்டர் மேல் வழக்குப் பாயலாம், அந்தப் பயம் அவர்களுக்கு. பெண் சிசுக்களைக் காப்பாற்ற, வேண்டாமென்று விடும் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தேவைப்பட்ட மாநிலம் நம்முடையது, அதனால் சட்டம் வேண்டும்தான். ரத்தப்போக்கோடு வந்தவளை உட்காரவைத்துக் காகிதம் பார்ப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அம்மா மட்டும் பதறவில்லை. பிளாஸ்டிக் கவரில் தன் ஆதார் நகல்களை நாலைந்து வைத்திருந்தார். தன் சர்க்கரைக்கும் கண்ணுக்கும் தனியாகவே இந்த வரிசைகளில் நின்று, எந்தக் கவுன்டரில் என்ன கேட்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. நான் லண்டனிலிருந்து "டாக்டரைப் பார்த்தியாம்மா" என்று போனில் கேட்பதோடு சரி.

ஆகவே, போய் இறங்கிய வாரமே ஒரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டி ஃபைல் போட்டுவிடுங்கள். ஆப்பில் இருக்கும் ரிப்போர்ட்டுகளைத் தாளில் எடுத்துப் போங்கள், ரத்தப் பிரிவு உட்பட. நெகட்டிவ் பிரிவாக இருந்து ரத்தம் பட்டால் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு எதிர்ப்பை உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் தேவைப்படலாம். எந்தப் பிரிவாக இருந்தாலும், ரத்தம் பட்டால் தனி ஸ்கேன் சென்டருக்குப் போகாதீர்கள், பிரசவ வார்டு உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108. ஆணா பெண்ணா என்று அங்கே வாய் திறக்கக் கூடாது எனப் பெரியவர்களிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், மருந்துக்கடைக்காரர் ப்ரூஃபென் கொடுத்தால் வாங்காதீர்கள். மழைக்காலமென்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய் டெங்குவுக்கு ரத்தம் கொடுங்கள். தண்ணீரும் பாலும் காய்ச்சித்தான். அப்புறம் வளைகாப்பு. ஏழாம் மாதம்தான் வைக்க வேண்டும் என்று தேதியைத் தள்ளுவார்கள், அதற்குள் 28 வாரம் நெருங்கிவிடும், விமானக் கடிதத்துக்கு மறுபடி டோக்கன் போட்டு உட்கார வேண்டும். ஐந்தாம் மாதமே வைக்கச் சொல்லுங்கள்.