மென்திசுக் கட்டியில் எஃப்.என்.ஏ.சி.: ஊசித் தடம் முதல் ஸ்லைடு வரை

எஃப்.என்.ஏ.சி. என்பது மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை. தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வந்த கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, தசையுறைக்கு அடியில் ஆழமாகக் கிடந்தாலோ, சார்கோமா (மென்திசுப் புற்று) என்ற சந்தேகத்தோடுதான் ஊசியைத் தொட வேண்டும். முதலில் எம்.ஆர்.ஐ.; ஊசி குத்தியபின் கசியும் ரத்தம் படத்தைக் குழப்பிவிடும். அடுத்து, அறுவை செய்யப்போகும் மருத்துவரிடமே கேட்டு, நுழையும் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கீறும் கோட்டிலேயே ஊசி நுழைந்தால்தான் அதன் தடத்தையும் கட்டியோடு சேர்த்து எடுக்க முடியும். கை கால்களில் அந்தக் கோடு பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும்.

23 கேஜ் ஊசி, 10 மி.லி. சிரிஞ்ச் போதும். கட்டியை இரு விரல்களால் அசையாமல் பிடித்துக் குத்துங்கள். உள்ளே போனதும் பிஸ்டனை 2–3 மி.லி. இழுத்து, ஊசியைப் பத்துப் பதினைந்து முறை முன்னும் பின்னும் வேகமாக ஓட்டுங்கள். ஊசியின் அடிக்குமிழில் ஏதாவது தென்பட்டால் நிறுத்துங்கள். பிஸ்டனை விட்டபிறகே ஊசியை உருவ வேண்டும். இழுத்துப் பிடித்தபடி உருவினால் கிடைத்ததெல்லாம் சிரிஞ்சுக்குள் ஏறி ஒட்டிக்கொள்ளும். பலருடைய ஸ்லைடு வெறுமையாக இருப்பது இதனால்தான்.

பெரிய கட்டியின் நடுப்பகுதி அழுகியிருக்கலாம், ஓரத்திலிருந்து எடுங்கள். ரத்தம் மட்டுமே வந்தால் 25 கேஜுக்கு மாறி, உறிஞ்சாமல் குத்துங்கள். ஊசி பட்டதும் மின்சாரம் பாய்ந்ததுபோல் வலி ஓடினால் உடனே நிறுத்திவிடுங்கள். நரம்புக் கட்டிக்கு அது நல்ல துப்பு, படிவத்தில் எழுதத் தவறாதீர்கள்.

ஸ்லைடில் ஒரு துளி விட்டு, இன்னொரு ஸ்லைடால் அழுத்தாமல் இழுங்கள். அழுத்தினால் உட்கரு நசுங்கி நூலாகும். பாதி ஸ்லைடுகளைக் காற்றில் உலர்த்திக் கீம்சா சாயத்துக்கு வையுங்கள். மீதியை ஈரம் காயுமுன் 95% ஆல்கஹாலில் போடுங்கள், அவை பாப் சாயத்துக்கு. வெண்டைக்காய் அறுத்ததுபோல் கொழகொழவென்று வந்தால் மிக்சாய்டு கட்டியாக (செல்களுக்கிடையே வழவழப்பான பொருள் நிறைந்த கட்டி) இருக்கலாம். அந்தக் கொழகொழப்பு கீம்சாவில் பளிச்சென்ற மஜெந்தாவாகத் தெரியும், பாப்பில் வெளிறிப்போகும்.

இன்னொரு முறை குத்தி, அதை முழுவதும் செல் பிளாக்குக்காக (செல்களைத் திரட்டி மெழுகில் பதித்த கட்டி) ஃபார்மலினில் கழுவிவிடுங்கள். சாதாரணக் கொழுப்புக் கட்டியா, சாதாரணக் கொழுப்பைப் போலவே தோன்றும் ‘நன்கு வேறுபட்ட’ லைப்போசார்கோமாவா (கொழுப்புத் திசுப் புற்று) என்பதை ஸ்லைடில் தேய்த்த ஸ்மியர் பல நேரம் சொல்லாது, எம்.டி.எம்.2 மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் சோதனைக்கு இந்தப் பிளாக் வேண்டும்.

மிகவும் ஏமாற்றுவது நோடுலர் ஃபேஷியைட்டிஸ் என்ற புற்றல்லாத கட்டி. செல்கள் ஏராளம், செல் பிரிவதும் தெரியும், பார்த்தால் சார்கோமாவேதான். ஆனால் இளவயது, முன்கையில் 2 செ.மீ. கட்டி, சில வாரங்களில் வளர்ந்தது என்றால் சார்கோமா என்று எழுதும் கையை நிறுத்துங்கள். அது தானே சுருங்கக்கூடியது.

செல்களே இல்லாத ஸ்லைடுக்கு ‘புற்று இல்லை’ என்று எழுதக் கூடாது. ‘போதிய செல்கள் இல்லை’ என்று எழுதி, கோர் பயாப்சிக்கு (தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுக்கும் சோதனை) அனுப்புங்கள்.