உடம்பில் காரீயம் சேர்ந்திருக்கிறதா? சோதனைக்குப் போகும் முன் படியுங்கள்

நச்சு உலோகப் பரிசோதனை என்று இருபது உலோகங்களை ஒரே பேக்கேஜில் விற்கிறார்கள். அதற்குப் பணம் கட்டாதீர்கள். எந்த உலோகம், எந்த வழியாக வந்திருக்கும் என்று முதலில் கண்டுபிடித்தால்தான் எதைச் சோதிப்பது என்பதே தெரியும்.

1. வீட்டையும் வேலையையும் பாருங்கள்

பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை, பழைய பெயின்ட் சுரண்டும் வேலை, நிறத்துக்காகக் கலப்படம் செய்த மஞ்சள் தூள் என்றால் காரீயத்தைச் சந்தேகிக்கலாம். அப்புறம், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு. உண்மையில் அது வெள்ளீயம், வேறு உலோகம், அதனால் பயமில்லை. ஆனால் விலை குறையக் காரீயம் கலந்திருந்தால், புளி கொதிக்கும்போது அது ரசத்தில் இறங்கிவிடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பாட்டி கொடுத்த சொம்பை நான் சோதனைக்கூடத்தில் காட்டிய பிறகுதான் அடுப்பில் ஏற்றினேன்.

பஸ்பம், செந்தூரம் போன்ற சித்த மருந்துகளிலும் உலோகம் இருக்கலாம். அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் அந்த டப்பாவையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

2. எதைக் கொடுப்பது?

காரீயத்துக்கு ரத்தம். மீனிலிருந்து வரும் பாதரசத்துக்கும் ரத்தம்தான். ஆனால் நகைப் பட்டறையில் பாதரச ஆவியைச் சுவாசித்தவர்களுக்குச் சிறுநீர் சரியானது. ஆர்சனிக்குக்கும் சிறுநீர்தான். அதற்கு முன் ஐந்து நாள் மீன், இறால், நண்டு வேண்டாம். அவற்றில் உள்ள தீங்கில்லாத ஆர்சனிக் கணக்கை ஏற்றிவிடும். முடியை வெட்டி அனுப்பும் சோதனையை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

3. ரத்தம் எடுக்கும்போது

விரல் நுனியில் குத்தி எடுத்தால், தோலில் ஒட்டியிருக்கும் துளித் தூசியே அளவைக் கூட்டிக் காட்டும். குழந்தையின் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அளவு கூடுதலாக வந்தால் பதறாமல், கை நரம்பில் ரத்தம் எடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். உலோகச் சோதனைக்கான தனிக் குழாய்தானா என்றும் கேளுங்கள்.

4. எண்ணைப் படிப்பது

காரீயச் சோதனை முடிவில், ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் காரீயம் என்று இருக்கும். குழந்தைகளுக்கு 3.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-ல் சொன்னது. 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. உலோகத்தை வெளியேற்றும் மருந்துப் பேச்சு பொதுவாகக் குழந்தைகளுக்கு 45-ல்தான் தொடங்கும்.

5. இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்

சில இடங்களில், உலோகத்தை வெளியேற்றும் மருந்தை முதலில் கொடுத்து, பிறகு சிறுநீரைச் சோதிப்பார்கள். மருந்து இழுத்தால் ஆரோக்கியமானவர் சிறுநீரிலும் உலோகம் கூடும். அதை மருந்து சாப்பிடாதவர்களின் அளவோடு ஒப்பிட்டு 'நச்சு' என்று எழுதிவிடுவார்கள். இந்த வகை மருந்துகளில் ஒன்றைத் தவறாகக் கொடுத்து, கால்சியம் சரிந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

6. மறுசோதனை

காரீயம் வந்த வழியை அடைத்துவிட்டு, இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்பு குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். டாக்டர் சொல்லும் தேதியில், முடிந்தால் அதே லேபில், மறுபடி ரத்தம் கொடுங்கள். எலும்பில் தங்கிய காரீயம் மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். அதனால் எண் மெதுவாக இறங்கினாலும் மனம் தளர வேண்டாம்.