வில்லனைத் தேடாதீர்கள்: 19ஆம் நூற்றாண்டுப் பெண் கதைகளை வாசிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோபினின் 'தி ஸ்டோரி ஆஃப் அன் ஹவர்' ஆயிரம் சொற்கள்தான் இருக்கும். ரயில் விபத்தில் கணவன் இறந்துவிட்டான் என்று செய்தி வருகிறது, மனைவி அழுகிறாள், மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள், கொஞ்ச நேரம் கழித்துக் கீழே இறங்குகிறாள், அதற்குள் கணவன் வாசல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறான், அவள் செத்துப்போகிறாள். அவ்வளவுதான் கதை. இதைப் பற்றி எழுதச் சொன்னால் நம்மில் பலர் முதல் பத்தியிலேயே தீர்ப்பு சொல்லிவிடுகிறோம்: பிரென்ட்லி மல்லார்ட் கொடுமைக்காரக் கணவன், மனைவியை அடக்கி வைத்தவன்.

கதையில் அப்படி ஒரு வரி கூட இல்லை. அவள் நினைத்துப் பார்ப்பது அவனுடைய அன்பான, மென்மையான கைகளை. தன்னை ஒருநாளும் அன்பில்லாமல் பார்த்திராத முகத்தை. அவள் தொடர்ந்து யோசிப்பதுதான் கதையின் மையம்: ஒருவர் தன் விருப்பத்தை இன்னொருவர் மேல் சுமத்துவது, நல்ல எண்ணத்தோடு செய்தாலும் கெட்ட எண்ணத்தோடு செய்தாலும் குற்றம்தான். கணவனைக் கெட்டவனாக்கிவிட்டால் இந்த வரிக்கு வேலையே இல்லாமல் போகிறது. கெட்ட கணவன் என்றால் பிரச்சினை சுலபம், கணவனை மாற்றினால் தீர்ந்தது. நல்ல கணவன் இருந்தும் மூச்சு முட்டுகிறது என்றால் கேள்வி திருமணம் என்ற ஏற்பாட்டின் மேலேயே போய் நிற்கும். ஷோபின் அந்த இடத்தில்தான் கை வைக்கிறார், நாம்தான் வழியில் ஒரு வில்லனைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறோம்.

சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'தி யெல்லோ வால்பேப்பர்' கதையிலும் (1892) இதே தவறுதான். அங்கே கதைசொல்லி ஒரு மனைவி. அவள் கணவன் ஜான் ஒரு டாக்டர், ஓய்வுதான் மருந்து என்று அவளை ஒரு மாடி அறையில் வைத்திருக்கிறான். அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்ப் படுக்க வைக்கிறான், பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறான், செல்லமாக அசடு என்கிறான், சின்னப் பெண்ணே என்று கூப்பிடுகிறான். அந்த அறையின் ஜன்னல்களில் கம்பி, கட்டில் தரையோடு சேர்த்து ஆணி அடித்தது. எழுதக் கூடாது என்பதால் அவள் ஒளித்து ஒளித்து எழுதுகிறாள். போகப்போக அந்த அறையின் மஞ்சள் சுவர்க்காகிதத்துக்குள் ஒரு பெண் அடைபட்டிருப்பதாக அவளுக்குப் பிரமை வந்துவிடுகிறது. அக்கறைதான் அங்கே பூட்டு. ஜானைக் கொடூரன் என்று எழுதினால் கதையின் பயங்கரம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஷோபின் கதையை வாசிப்பதில் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. 'புருஷன் செத்ததற்குச் சந்தோஷப்படுகிறாளே, என்ன பெண் இவள்?' என்பது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். செய்தி கேட்டதும் மற்றப் பெண்களைப் போல அவள் உறைந்துபோய் நிற்பதில்லை, தங்கையோ அக்காவோ, ஜோசஃபின் என்ற அந்தச் சகோதரியின் கைகளில் விழுந்து உடனே கதறி அழுகிறாள். பிணத்தைப் பார்க்கும்போது மறுபடி அழுவேன் என்றும் அவளுக்குத் தெரியும். அப்புறம் திறந்த ஜன்னலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்கிறாள். வெளியே மரங்களில் வசந்தம், தெருவில் ஒருவன் கூவி விற்றுக்கொண்டு போகிறான், தூரத்தில் யாரோ பாடுவது கேட்கிறது, கூரை இறவாரத்தில் குருவிகள். அந்த நேரத்தில்தான் ஏதோ ஒன்று தன்னை நோக்கி வருவதை உணர்கிறாள். வரவேற்கவில்லை, பயப்படுகிறாள், அதைத் தள்ளப் பார்க்கிறாள், முடியவில்லை. சுதந்திரம் என்ற சொல் அவள் வாயிலிருந்து தானாக நழுவி வருகிறது. அவள் அதைத் திட்டம் போட்டு எடுத்துக்கொள்ளவில்லை.

அவனை நேசித்தாளா? சில நேரம் நேசித்தாள், பல நேரம் இல்லை என்று கதை நேராகவே சொல்கிறது. நிறைய திருமணங்களைப் பற்றி இதைவிட நேர்மையாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. தவறவிடக் கூடாத இன்னொரு வரியும் இருக்கிறது: ஆயுள் நீளமாக இருக்க வேண்டும் என்று அவள் இன்று வேண்டிக்கொள்கிறாள், நேற்றுத்தான் ஆயுள் நீளமாக இருந்துவிடுமோ என்று நடுங்கியிருக்கிறாள். அந்த வீட்டில் அதுவரை என்ன நடந்தது என்று ஷோபின் சொல்வதே இல்லை, அந்த 'நேற்று' மட்டும் போதும்.

முடிவைப் பற்றிச் சுருக்கமாக. 'கணவனை உயிரோடு பார்த்த மகிழ்ச்சியில் இறந்தாள்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அப்படிச் சொல்வது டாக்டர்கள், மாடி அறையில் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் வாசகர்.

அடுத்தது, எழுத்தாளரின் வாழ்க்கையை அப்படியே கதைக்குள் கொட்டுவது. ஷோபினின் கணவர் ஆஸ்கர் 1882இல் இறந்தார், கதை 1894இல் எழுதப்பட்டது, ஆகவே இது அவர் சொந்தக் கதை, கணவரை அவருக்குப் பிடிக்காது என்று ஒரு கணக்கு. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆறு குழந்தைகளோடும் கடனோடும் தனித்து நின்ற அவர், கணவரின் தொழிலைத் தானே கொஞ்ச காலம் நடத்திவிட்டுத்தான் செயின்ட் லூயிஸுக்குத் திரும்பினார். வாழ்க்கையிலிருந்து ஏதாவது எடுத்தே ஆக வேண்டும் என்றால் ரயில் இருக்கிறது. அவருடைய அப்பா 1855இல் பாலம் இடிந்த ஒரு ரயில் விபத்தில் இறந்தவர், அம்மா அதன்பின் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

கில்மன் விஷயம் வேறு. 1887இல் நரம்பு மருத்துவர் வியர் மிட்சல் அவருக்கு ஓய்வுச் சிகிச்சை கொடுத்தார். வீட்டோடு இரு, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளைக்கு வேலை கொடுக்காதே, வாழ்நாள் முழுக்கப் பேனாவைத் தொடாதே. இதைக் கில்மனே 1913இல் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரையிலேயே தனக்குப் பிரமைகள் வந்ததில்லை என்றும், தன் வீட்டுச் சுவர் அலங்காரத்தோடு தனக்கு ஒரு தகராறும் இல்லை என்றும் கிண்டலாகச் சொல்கிறார். அவர் தப்பித்தார், கதைசொல்லி தப்பிக்கவில்லை. இரண்டு பேரையும் ஒன்றாக்கிவிட்டால் கதைக்காக அவர் செய்த வேலை கண்ணில் படாது.

'அந்தக் காலத்தில் பெண்களுக்கு எந்த உரிமையும் கிடையாது' என்று ஒரே வரியில் வரலாற்றை முடிப்பதும் சரியில்லை. ஆங்கிலச் சட்ட மரபில் 'கவர்ச்சர்' என்று ஒன்று இருந்தது (கவர்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). கல்யாணமானதும் பெண்ணின் சட்ட அடையாளம் கணவனுக்குள் அடங்கிவிடும். ஆனால் மிசிசிப்பி 1839இலும் நியூயார்க் 1848இலும் மணமான பெண்களின் சொத்துரிமைக்குச் சட்டம் போட ஆரம்பித்துவிட்டன. இங்கிலாந்தில் பெரிய மாற்றம் வந்தது 1882இல். 1890களின் கதைகள் சட்டம் பாதி அவிழ்ந்துவிட்ட பிறகு எழுதப்பட்டவை. அதனால்தான் அவை சொத்துப் பத்திரத்தை விட்டுவிட்டு ஜன்னலையும் சுவர்க்காகிதத்தையும் பேசுகின்றன. இதில் நமக்கென்றே ஒரு தடுமாற்றமும் உண்டு: விதவை என்றதும் நம் மனசுக்குள் வெள்ளைப் புடவையும் மூலையும் வந்துவிடுகின்றன. கவர்ச்சர் நடந்த இடத்தில் விதவையானவள் சட்டத்தின் கண்ணில் மறுபடி தனி ஆள், தன் பெயரில் ஒப்பந்தம் போடலாம், வழக்குத் தொடரலாம். அந்தப் பின்னணியை விட்டுவிட்டு நம் ஊர் விதவையை அங்கே உட்கார வைத்தால் மல்லார்ட் வீட்டு ஜன்னல் புரியாது.

விடுதலை என்றால் வீட்டை விட்டு வெளியேறுவதுதான் என்று தேடுவதும் ஏமாற்றும். மேரி வில்கின்ஸ் 1890இல் எழுதிய 'தி ரிவோல்ட் ஆஃப் மதர்' கதையில் சாரா பென் எங்கும் ஓடவில்லை. புது வீடு கட்டித் தருவேன் என்ற கணவன் நாற்பது வருஷம் கழித்து அதே இடத்தில் இன்னொரு தொழுவம் கட்டுகிறான். அவன் குதிரை வாங்க வெளியூர் போன சமயம் பார்த்து, சட்டி பானையெல்லாம் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு அந்தத் தொழுவத்துக்கே குடிபோய்விடுகிறாள். வில்கின்ஸின் 'எ நியூ இங்கிலாந்து நன்' கதையில் லூயிசா எல்லிஸ், ஆஸ்திரேலியாவில் பதினாலு வருஷம் சம்பாதித்துவிட்டு வந்த மாப்பிள்ளையைச் சண்டையில்லாமல் விடுவித்துவிட்டுத் தையலோடு தனியாக இருக்கிறாள். பாவம் என்று அவளுக்காக வருந்துபவர்கள் அதிகம். அவள் வருந்தவில்லை.

கடைசியாகப் பெயர்கள். இன்று மேரி வில்கின்ஸ் ஃப்ரீமன் என்று அறியப்படுபவரை மேலே மேரி வில்கின்ஸ் என்று எழுதியது கைத்தவறு இல்லை. ஃப்ரீமன் என்ற பெயர் அவருக்கு 1902இல் கல்யாணத்தோடு வந்தது, இந்தக் கதைகளை எழுதியபோது அவர் வில்கின்ஸ்தான். கில்மனின் கதை வெளியானபோது அதன் மேல் இருந்த பெயர் ஸ்டெட்சன், முதல் கணவருடையது. இந்த உறுத்தலோடு ஷோபின் கதையை மறுபடி எடுத்துப் பாருங்கள். முதலில் அவள் திருமதி மல்லார்ட், அப்புறம் வெறும் 'அவள்'. மூடிய கதவுக்கு வெளியே மண்டியிட்டுச் சாவித்துவாரத்தில் வாயை வைத்து ஜோசஃபின் கூப்பிடும்போதுதான் முதல் முறையாக லூயிஸ் என்ற பெயர் நம் காதில் விழுகிறது. கதவைத் திறந்துகொண்டு படி இறங்கிக் கீழே வருகிறாள். வாசலில் நிற்கும் பிரென்ட்லியை அவள் பார்த்துவிடாதபடி நண்பர் ரிச்சர்ட்ஸ் குறுக்கே பாய்கிற அந்த வரியில் அவளுக்குப் பெயர் இல்லை. 'அவன் மனைவி' என்றுதான் இருக்கிறது.