லாரியின் அச்சு எடையை லோடு ஏற்றும் இடத்திலேயே சரிபார்ப்பது எப்படி?

எடை மேடைச் சீட்டில் மொத்த எடை சரியாக இருந்தால் போதும், வண்டியைத் தாராளமாக எடுக்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிச் சரிபார்ப்புதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு மொத்த எடைக்கு மட்டுமல்லாமல் ஒவ்வோர் அச்சுக்கும் தனி வரம்பு வகுத்திருக்கிறது. மொத்த எடை சரியாக இருந்து, ஓர் அச்சு மட்டும் தாங்க முடியாத பாரத்தைச் சுமந்து செல்வது நம் சாலைகளில் அன்றாடம் நடக்கிறது.

2018 ஜூலையில் இந்த வரம்புகள் உயர்த்தப்பட்டன. அதன்படி இரண்டு டயர் உள்ள முன் அச்சு 7 டன், நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின் அச்சு 11.5 டன், அடுத்தடுத்து அமைந்த இரட்டை அச்சு 21 டன், டிரெய்லரின் மூன்று அச்சுத் தொகுதி 27 டன் வரை தாங்கலாம். ஆகவே ஆறு சக்கர லாரிக்கு 18.5 டன் வருகிறது. மூன்று அச்சு இழுவை வண்டியில் மூன்று அச்சு டிரெய்லரைக் கோத்தால் 7, 21, 27 சேர்ந்து 55 டன் ஆகிறது. டிரெய்லர் வண்டிகளுக்கு உச்ச வரம்பும் அதுவே. ஆனால் இந்த அட்டவணையை மட்டும் நம்பி லோடு ஏற்றக் கூடாது. தயாரிப்பாளர் குறைந்த எடைக்குத்தான் அச்சை வடிவமைத்திருக்கிறார் என்றால் அந்தக் குறைந்த எடையே பொருந்தும். உங்கள் ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) பதிவாகியிருக்கும் எடையே உங்கள் வண்டிக்கான எடை என்பதால், முதலில் அதை எடுத்துப் பாருங்கள்.

அடுத்து, காலி வண்டியை எடை போடுங்கள். டீசல் நிரப்பி, ஸ்டெப்னி, தார்ப்பாய், கயிறு, ஓட்டுநர், கிளீனர் எல்லாம் இருக்கும் நிலையில் போட வேண்டும், ஏனெனில் 300 லிட்டர் டீசல் மட்டுமே சுமார் 250 கிலோ வரும். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறை, முழு வண்டியையும் நிறுத்தி ஒரு முறை, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு முறை என மூன்று சீட்டு வாங்குங்கள். இரட்டை அச்சு என்றால் இரண்டையும் ஒன்றாகவே மேடையில் நிறுத்த வேண்டும். மேடைக்கு முன்னும் பின்னும் தரை சமமாக இருப்பதும், வண்டி நியூட்ரலில் பிரேக் விடுபட்டு நிற்பதும் அவசியம்; பிரேக் பிடித்தபடி நின்றால் அச்சுகளுக்கிடையே எடை மாறிக் காட்டும். முன், பின் எடைகளின் கூட்டுத்தொகை மொத்த எடையோடு பெரிதும் வேறுபட்டால் மறுபடி போடுங்கள்.

இனி பாரத்தை எங்கே வைப்பது என்பதுதான் உண்மையான வேலை. காலியாக முன்னே 3 டன், பின்னே 3.5 டன் உள்ள ஆறு சக்கர லாரியை எடுத்துக்கொள்வோம். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 5 மீட்டர். அதில் 12 டன் ஏற்றினால் மொத்தம் 18.5 டன், சீட்டில் குறையே தெரியாது. ஆனால் பாரத்தின் மையம் பின் அச்சுக்கு 1 மீட்டர் முன்னே இருந்தால், ஐந்தில் ஒரு பங்கான 2.4 டன் மட்டுமே முன் அச்சுக்குப் போகும். மீதி 9.6 டன்னும் பின்னே விழுவதால் அந்த அச்சில் 13.1 டன் ஆகிவிடும், அதாவது வரம்பைவிட 1.6 டன் அதிகம். சாலைத் தேய்மானம் அச்சு எடையின் நான்காம் அடுக்கில் (எடை இரட்டித்தால் தேய்மானம் 16 மடங்கு) ஏறும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. அப்படிப் பார்த்தால், இந்த ஒரு பின் அச்சு வரம்புக்குட்பட்ட அச்சைவிட சுமார் 1.7 மடங்கு சேதம் செய்கிறது. டயரும் ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் படும் பாடு தனி.

அதே வண்டியில் 11 டன் மட்டும் ஏற்றி, மையத்தைப் பின் அச்சிலிருந்து ஏறத்தாழ 1.4 முதல் 1.8 மீட்டருக்குள் வைத்தால் இரண்டு அச்சுகளும் வரம்புக்குள் நிற்கும். 12 டன் ஏற்றினாலோ அந்த இடைவெளி ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே ஆர்.சி. அனுமதிக்கும் கடைசிக் கிலோ வரை ஏற்றாமல் ஒரு டன்னாவது குறைத்து ஏற்றுங்கள் என்றே நான் சொல்வேன். கம்பிச் சுருள், கருங்கல், இயந்திரம் போன்ற அடர்த்தியான சரக்கில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் அரை மீட்டர் தள்ளி இறக்கினாலே கணக்கு மாறிவிடும். மணல் போன்ற திறந்த லோடு மழையில் நனைந்தால் எடை கூடும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும்.

லிஃப்ட் ஆக்சில் (தேவைக்கேற்பத் தூக்கி இறக்கக்கூடிய அச்சு) உள்ள வண்டியில் லோடு இருக்கும்வரை அதை இறக்கியே ஓட்டுங்கள். டயர் தேயுமென்று தூக்கிவிட்டால் அதன் பங்கு முழுவதும் பக்கத்து அச்சுகளில் ஏறும்.

அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால், 2019 செப்டம்பர் முதல் சட்டம் விதிக்கும் அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்; மிகுதிச் சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையதே. நிறுத்தி எடை போட மறுத்தால் 40,000 ரூபாய். எடை மீறலுக்கு ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் அனுமதித்தவரும் பொறுப்பாவார்கள் என்பதால், லோடு ஏற்றிய பிறகும் அச்சுவாரியாக எடைச் சீட்டு வாங்கி, அதன் நகலைச் சரக்கு அனுப்புபவரிடமும் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.