ரெஸ்லிங்கில் எது எழுதி வைத்தது, எது நிஜம்: பார்த்துப் பழகுவது எப்படி?

டிவியில் ரெஸ்லிங் ஓடினால் "எல்லாம் செட்டப்புதானே" என்று ஒருவராவது சொல்லாமல் இருக்க மாட்டார். ஆமாம், யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவான விஷயம். அது ரகசியமும் இல்லை. 1989இல் நியூ ஜெர்சி மாநில செனட்டிடம், இன்று WWE என்று அழைக்கப்படும் நிகழ்ச்சியை நடத்திய வின்ஸ் மக்மேனின் கம்பெனியே இது போட்டி அல்ல, கேளிக்கை என்று சொல்லிவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கெடுபிடியும் கட்டணமும் வேண்டாம் என்பதற்காகத்தான்! எனவே அந்த வாக்குவாதத்தை விட்டுவிடுங்கள். எழுதி வைத்த பாதையிலிருந்து ஆட்டம் எந்த நொடியில் விலகியது, விலகியது போலக் காட்டியதும் எழுதி வைத்ததுதானா என்று கண்டுபிடிப்பதில்தான் சுவாரஸ்யம்.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். மண்டபத்தில் மூன்று கேமராவை மிக்ஸரில் மாற்றி மாற்றி லைவ் ஓட்டுவது என் பிழைப்பு. அதனால் அடிப்பவரைவிட, அடியைக் காட்டுபவர் மேல்தான் என் கண் போகும்.

முதலில் கேமராவைக் கவனியுங்கள். திட்டமிட்ட அடி என்றால், அடி விழுவதற்கு முன்பே கேமரா அதற்குத் தோதான இடத்தில் நிற்கும். அப்புறம் ரீப்ளே, அதுவும் பல கோணங்களில். நிஜமாகவே விபரீதம் என்றால் படம் சட்டென்று கூட்டத்துக்குத் திரும்பிவிடும். பெரும்பாலும் ரீப்ளே வராது. 1999 மே 23 அன்று கான்சஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் என்ற வீரர் மேலேயிருந்து இறங்கும் காட்சிக்காகக் கயிற்றில் தொங்கியபோது விழுந்து இறந்தார். வீட்டில் பார்த்தவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. வர்ணனையாளர் ஜிம் ராஸ் இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகும் நிகழ்ச்சியை ஓட்டி முடித்தார்கள் என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்து, எதிராளி. இது என் பிரியமான சோதனை. ஒருவருக்கு நிஜமாக அடிபட்டுவிட்டால் மற்றவர் அடிப்பதை நிறுத்திவிட்டு நேரத்தைக் கடத்துவார். 1997 ஆகஸ்ட் 3, சம்மர்ஸ்லாம் என்ற பெரிய நிகழ்ச்சி. அதே ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்து உட்கார்ந்தபடி இறக்கினார். ஆஸ்டினின் தலை நேராகத் தரையில் குத்தியது. கை கால் அசையவில்லை. வில்லனாக இருந்த ஓவன் கீழே கிடப்பவரை மிதித்திருக்க வேண்டும். அவரோ கூட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே அங்குமிங்கும் நடந்தார். கடைசியில் ஆஸ்டின் தவழ்ந்து வந்து ஒப்புக்குச் சுருட்டிப் பிடிக்க, ஓவன் அப்படியே படுத்துக்கொண்டார். அவ்வளவு அழகில்லாத முடிவை யாரும் உட்கார்ந்து எழுத மாட்டார்கள்.

1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க்கில் நடந்த கூண்டுச் சண்டையிலும் இதைப் பார்க்கலாம். அண்டர்டேக்கர் மிக் ஃபோலியைக் கூண்டின் உச்சியிலிருந்து மேசை மேல் தள்ளிவிட்டது திட்டத்தில் இருந்தது. இரண்டாவது முறை கூரைத் தகடே பிய்ந்துகொண்டு அவர் உள்ளே விழுந்தது திட்டத்தில் இல்லை. அவர் எழுந்திருக்க அவகாசம் வேண்டுமே! உள்ளே வந்திருந்த இன்னொரு வீரர் டெர்ரி ஃபங்க், ஷூ கழன்று பறக்க அண்டர்டேக்கரிடம் ஓர் அடி வாங்கிக்கொண்டார்.

மூன்றாவதாக, வர்ணனை. பதற்றமாகக் கத்தினால் கவலைப்படாதீர்கள், அது அவர்கள் தொழில். குரல் தணிந்தால்தான் கவனிக்க வேண்டும். 2012 செப்டம்பர் 10 அன்று மான்ட்ரியாலில் ஜெர்ரி லாலருக்கு வர்ணனை மேசையிலேயே மாரடைப்பு வந்தது. கூட இருந்த மைக்கேல் கோல் தணிந்த குரலில் தகவல் சொல்லிவிட்டு வர்ணனையையே நிறுத்திக்கொண்டார். மிச்சப் போட்டிகள் வர்ணனை இல்லாமலே ஓடின.

நடுவர் தலைக்கு மேல் கைகளைப் பெருக்கல் குறி போல வைத்தால் நிஜக் காயம் என்று ரசிகர்கள் சொல்வார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். ரசிகர்களுக்குத் தெரிந்த எந்த அடையாளமும் கதாசிரியருக்கும் தெரியும். 2025இல் சேத் ராலின்ஸ் முழங்கால் போய்விட்டதென்று வாரக்கணக்கில் எல்லோரையும் நம்பவைத்துவிட்டு, சம்மர்ஸ்லாமில் ஊன்றுகோலைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து பட்டத்தைத் தட்டிச் சென்றார்.

பேச்சு இன்னும் ஏமாற்றும். 2011 ஜூன் 27 அன்று சிஎம் பங்க் மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து முதலாளி குடும்பத்தையே வாங்கு வாங்கென்று வாங்கினார். கடைசியில் மைக் அணைந்தது. குறை நிஜம், ஒப்பந்தம் முடியப்போவதும் நிஜம். ஆனால் பேச அனுமதியும் இருந்தது. கல்யாண மண்டபத்தில் போதையில் ஒரு மாமா மைக்கைப் பிடித்தாலே உடனே ஒலியை இறக்கிவிடுவேன். அவ்வளவு பெரிய கன்ட்ரோல் ரூமில் இருப்பவர்கள் அவரை நிமிடக்கணக்கில் பேசவிட்டு, குளோசப்பும் வைத்து, சரியான வரியில் அணைத்தார்கள் என்றால் என்ன அர்த்தம்?

இதெல்லாம் பழகியபின் 1997 நவம்பர் 9, மான்ட்ரியாலுக்கு வாருங்கள். சாம்பியன் பிரெட் ஹார்ட் போட்டிக் கம்பெனிக்குப் போகவிருந்தார். சொந்த நாடான கனடாவில் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். தகுதிநீக்கத்தில் முடியும் என்பதுதான் அவரிடம் பேசியிருந்தது. காலை மடக்கிப் பிடிக்கும் பிரெட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடியையே ஷான் அவர் மேல் போட்டதும், ரிங்குக்குப் பக்கத்தில் நின்ற மக்மேன், பிரெட் தோற்றுவிட்டதாக மணியை அடிக்கச் சொன்னார். பிரெட் சரணடையவே இல்லை. நடுவர் ஏர்ல் ஹெப்னர் ஓட்டமாக வெளியேறினார். பிரெட் முதலாளி முகத்தில் துப்பினார். பிறகு உடைமாற்றும் அறையில் குத்தும் விட்டார். ஷான் ஒன்றும் புரியாதவர் போலக் கோபப்பட்டார் பாருங்கள், அது நடிப்பு. அவருக்கு முன்பே தெரியும் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். நிஜமான துரோகத்துக்குள்ளும் ஒரு நடிப்பு.

அந்த வெறுப்பை மக்மேன் வீணாக்கவில்லை. திரையில் கொடுமைக்கார முதலாளியாகவே மாறி ஆஸ்டினோடு மோதிக் காசு பார்த்தார். ஒரு வருடம் கழித்து, 1998 சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் ராக் அதே பிடியை மேன்கைண்ட் (மிக் ஃபோலியின் ரிங் பெயர்) மேல் போட, மக்மேன் அதே போல மணியடிக்க வைத்தார்.

பயிற்சிக்கு இந்த இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதல் முறை ஒலி இல்லாமல், மணி அடித்த பிறகு வரும் காட்சிகளை மட்டும். 1998இல் மக்மேன் நிதானமாக மைக்கை எடுத்து நடந்ததைக் கூட்டத்துக்கு விளக்குவார். 1997இல் யாரும் மைக்கைத் தொடவில்லை. ஒளிபரப்பை அவசர அவசரமாக முடித்துவிட்டார்கள்.