வாடகை நின்றுபோனால் முதலில் தபாலில் நோட்டீஸ்

நான் வாடகைக்கு விட்ட நாகர்கோவில் மாடிவீட்டில் மூன்று மாத வாடகை நின்றது. நேரில் கேட்டும் போனில் கேட்டும் பணம் வரவில்லை. எந்த மாதம் எவ்வளவு பாக்கி, தாமத வட்டி எவ்வளவு என்று மாதவாரியாக எழுதி, ஒப்புகை அட்டையுடன் அப்போதிருந்த பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். 26-ஆம் நாள் முழுப் பாக்கியும் வந்துவிட்டது.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத பாக்கியை நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுசாகக் கட்டாவிட்டால், காலி செய்யக் கேட்டு வாடகை நீதிமன்றம் போகலாம். நோட்டீஸ் கிடைத்ததற்கான ஒப்புகையைத் தொலைத்துவிடாதீர்கள்.

கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தாதீர்கள். சட்டம் அதைத் தடுக்கிறது. வழக்கு நமக்கு எதிராகத் திரும்பிவிடும். பாதிப் பணம் தந்தால், எந்த மாதத்துக்கு என்று ரசீதில் எழுதுங்கள்.

வெறும் 11 மாத முத்திரைத்தாள் ஒப்பந்தம் போதாது, அதை இந்தச் சட்டப்படி அமைந்த வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.